எழுதிய இசையும் எழுதாத குரலும்

ஜாஸ் பாடகர் ஒருவர் சிம்பொனி இசைக்குழுவோடு மேடையேறினால் ஜாஸ் ரசிகர்களில் ஒரு சாரார் முகம் சுளிப்பார்கள். அந்தந்தக் கணத்தில் தோன்றியபடி பாடுவதுதான் ஜாஸ். எழுபது எண்பது பேர் தாளைப் பார்த்து வாசிக்கும்போது தோன்றியபடி பாட எங்கே இடம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1982இல் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக்குடன், மைக்கேல் டில்சன் தாமஸ் நடத்த, இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் பாடல்களை ஜாஸ் பாடகி சாரா வான் பாடிய நேரடிப் பதிவு அதற்கு வேறு பதில் சொல்கிறது. ‘கெர்ஷ்வின் லைவ்!’ என்ற அந்த ஆல்பத்தில் பாடகியின் சுதந்திரம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

சின்னக் குழு என்றால் பியானோக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இன்னொரு சுற்று பாடலாம். வயலின் வரிசை முழுவதையும் அப்படித் திருப்ப முடியாது. பாட்டின் நீளம், கார்ட்ஸ் (ஸ்வரக் கூட்டுகள்) மாறும் இடம், முடிவு எல்லாம் முன்பே எழுதப்பட்டவை. அதற்குள் பாடகிக்குக் கிடைப்பது நுணுக்கமான வேலை: ஒரு சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இறக்குவது, மெட்டை வேறு வழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஒரே ஸ்வரத்தில் நின்று குரலின் நிறத்தை மாற்றுவது. கர்நாடக இசையில் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல. தாளம் அசையாமல் நிற்பதால்தான் பாடுபவரின் அசைவு துலங்குகிறது. சாராவுக்கு அது கைவந்ததற்குக் காரணம் உண்டு. நியூவர்க் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவர், 1943இல் ஏர்ல் ஹைன்ஸின் ஜாஸ் குழுவில் சேர்ந்து பாடியதோடு பியானோவும் வாசித்தார். அங்கே உடனிருந்தவர்கள் ஜாஸ் மேதைகள் சார்லி பார்க்கரும் டிஸி கில்லெஸ்பியும். அடியில் ஓடும் கார்ட்ஸ் அத்துப்படி என்பதால் எவ்வளவு தூரம் விலகினாலும் திரும்பும் வழி அவருக்குத் தெரியும். அவருடைய பியானோ, பாஸ், டிரம்ஸ் கலைஞர்களும் அன்று மேடையில் இருந்தார்கள். குரலுக்கும் பெரிய குழுவுக்கும் நடுவே தாளத்தைக் கட்டிக்காத்தவர்கள் அவர்களே. மைக் இல்லாமலும் இது நடக்காது. ஆபரா பாடகர் இசைக்குழுவைத் தாண்டிக் குரல் எறிய வேண்டும். ஜாஸ் பாடகி மெல்ல முணுமுணுத்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

வயலின்கள் வெறும் சர்க்கரைப் பூச்சு என்பது இன்னொரு குற்றச்சாட்டு. பல ஆல்பங்களில் அது உண்மை. ஆனால் பிழை இசைக்கோவை எழுதியவருடையது. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பம் (1958) சிம்பொனிக் குழுவின் பதிவல்ல என்றாலும் ஒன்றைக் காட்டுகிறது. ரே எல்லிஸ் அமைத்த வழவழப்பான வயலின்கள் நடுவே பில்லியின் தேய்ந்த குரலின் ஒவ்வொரு கீறலும் கேட்கிறது. சிலருக்கு அது பொருந்தாமை. எனக்கு அந்த ஆல்பத்தின் வலிமையே அதுதான். சிம்பொனியிடம் ஜாஸ் கௌரவத்தைக் கடன் வாங்குகிறது என்போரும் உண்டு. ஆனால் கெர்ஷ்வினே 1924இல் நியூயார்க்கின் ஏயோலியன் ஹாலில் ‘ராப்சடி இன் ப்ளூ’வை அரங்கேற்றியபோது, குழுவின் பகுதியை ஃபெர்டி குரோஃபே எழுதித் தந்திருந்தார், பியானோப் பகுதியில் சில இடங்கள் எழுதப்படாமலே இருந்தன. எழுதியதும் எழுதாததும் அன்றே ஒன்றாக ஒலித்தன. 1940களிலிருந்து பாடிப் பதிவுசெய்துவந்த சாராவுக்கு, போட்டிப் பிரிவில் கிடைத்த ஒரே கிராமி விருது ‘கெர்ஷ்வின் லைவ்!’ ஆல்பத்துக்குத்தான். அதுவும் ஜாஸ் பாடகிக்கான பிரிவில்.