4 நகர்த்தலில் ஆட்டம் 'குளோஸ்'! செஸ் போட்டியில் குட்டீஸ் தோற்பது எப்படி?

காசு கட்டி, பஸ் ஏறி செஸ் போட்டிக்கு கூட்டிப்போன பிள்ளை 5 நிமிடத்தில் அழுதுகொண்டே வெளியே வந்தால் பெற்றோருக்கு எப்படி இருக்கும்? பெரும்பாலும் காரணம், 'ஸ்காலர்ஸ் மேட்'.

வெள்ளை சிப்பாய் இ-4, கருப்பு இ-5. வெள்ளை ராணி எச்-5க்கு பாயும். கருப்பு குதிரை சி-6. அடுத்து வெள்ளை பிஷப் சி-4ல் உட்காரும். ராணி, பிஷப் இரண்டுக்கும் குறி எப்-7 சிப்பாய்தான். அதற்கு ராஜாவை விட்டால் காவல் இல்லை. இது தெரியாமல் ராணியை விரட்ட குதிரையை எப்-6ல் வைத்தால்... ராணி எப்-7ஐ வெட்டும். பின்னால் பிஷப் நிற்பதால் ராஜா தொட முடியாது. செக்மேட்!

தப்பிக்க, குதிரைக்கு பதில் சிப்பாயை ஜி-6க்கு தள்ளணும். ராணி எப்-3க்கு ஓடி மறுபடி மிரட்டினால், அப்போது குதிரை எப்-6. அவ்வளவுதான்!

தொட்ட காயை நகர்த்தியே ஆகணும் என்பது போட்டி விதி. அதனால் முதலில் யோசனை, அப்புறம்தான் கை!