இல்லத்தில் கடல்நீர் மீன்தொட்டிகள்: இரண்டாவது தொட்டி எதற்கு?

கடல்மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் வழக்கம் புதியதன்று. 1853ஆம் ஆண்டிலேயே இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்கள் பார்வைக்கென மீன்தொட்டிகள் திறக்கப்பட்டன. இன்று நம் நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் சிலவும் இப்பொழுதுபோக்கினை மேற்கொண்டுள்ளன. ஒரு தொட்டியைச் செவ்வனே பேணி வந்தவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் வைக்க விரும்புதல் இயல்பே. ஆயின், தொட்டிகள் பெருகும்போது வேலையும் செலவும் நோய் பரவும் வழிகளும் உடன் பெருகும் என்பதை மறத்தலாகாது. எத்தனை தொட்டி வைக்கலாம், அவற்றுள் எது முதலில் வேண்டப்படுவது என்பன ஈண்டு விளக்கப்படுகின்றன.

எத்தனை தொட்டி?

அறிவுள்ள கமக்காரன் மாடு வாங்குமுன் தீனியையும் ஆட்பலத்தையும் கணக்கிடுவான். மீன் வளர்ப்போரும் அவ்வாறே செய்தல் வேண்டும். மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி சுமார் 190 லீற்றர் நீர் கொள்ளும். அந்நீரின் நிறை மட்டும் 195 கிலோகிராமுக்குச் சற்றுக் குறையாது. கண்ணாடி, கல், மணல் ஆகியவற்றின் நிறை வேறு. ஆகவே இத்தகைய தொட்டியை மரப்பலகைத் தளத்தின்மீதோ சாதாரண மேசையின்மீதோ வைத்தல் கூடாது. நிலத்தளத்தில், சுவரோரமாக, வெயில் படாத இடத்தில், உறுதியான தாங்கியின்மீது வைத்தல் வேண்டும்.

கல்லும் மணலும் இட்டபின் இத்தொட்டியிலே தங்கும் நீர் ஏறத்தாழ 160 லீற்றர். வாரந்தோறும் அதில் பத்திலொரு பங்கை, அதாவது 16 லீற்றரை, அகற்றிப் புதுநீர் விடுதல் நன்று. கடல்நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் சுமார் 35 கிராம் உப்பு உளது. எனவே கடையில் வாங்கிய உப்புக்கலவையைப் பயன்படுத்துவோருக்கு வாரம் 560 கிராம் தேவை. மூன்று தொட்டிகளாயின் வாரம் 1,680 கிராம். ஆண்டொன்றுக்கு 87 கிலோகிராம். இதனோடு மின்சாரச் செலவையும் தீனிச் செலவையும் கூட்டிப் பார்த்தபின்னரே அடுத்த தொட்டியை வாங்குதல் தகும்.

ஆட்பலமும் இவ்வாறே கணிக்கப்பட வேண்டும். வீட்டுத் தலைவர் வெளியூர் சென்ற நாளிலே தொட்டிகளைப் பார்ப்பவர் யார்? இவ்வினாவுக்கு உடனே விடை கூற முடியாத வீட்டில் ஒரு தொட்டியே போதும்.

நீர்

கரையோரத்தில் வாழ்வோர் கடல்நீரையே பயன்படுத்தலாம். ஆனால் ஆற்று முகத்துவாரம், துறைமுகம், கழிவுநீர் வாய்க்கால் ஆகியவற்றின் அருகேயும், பெருமழை பெய்த சில நாட்களிலும் நீர் அள்ளலாகாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களிலுள்ள களப்பு நீரின் உவர்ப்பு பருவத்துக்குப் பருவம் மாறுவதால் அது தொட்டிக்கு ஏற்றதன்று. அள்ளிய கடல்நீரைத் துணியில் வடித்து, மூடிய பாத்திரத்தில் இருளான இடத்தில் இரு வாரம் வைத்துத் தெளிந்தபின் பயன்படுத்துக.

உப்பளத்து உப்பைக் கரைத்தாற் கடல்நீர் ஆகிவிடும் எனச் சிலர் எண்ணுவர். இது தவறு. உப்பளத்தில் முதலிற் படிவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டே. மகனீசியம், பொற்றாசியம் முதலியவற்றின் பெரும்பகுதி எஞ்சிய கசப்புநீரிலே தங்கிவிடும். இவையின்றிக் கடல்மீன்கள் நலமுடன் வாழா.

தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மாத்திரமே. உப்பு உள்ளேயே நிற்கும். ஆதலின் நாள்தோறும் குறையும் அளவுக்கு நன்னீரையே விடுதல் வேண்டும். கடல்நீரை விட்டால் உவர்ப்பு நாளடைவில் ஏறிவிடும். குழாய்நீராயின் அதிலுள்ள குளோரீனை முதலில் நீக்குதல் அவசியம். நீரின் சாரடர்த்தி 1.023 முதல் 1.025 வரையும், வெப்பநிலை 25 முதல் 28 பாகை வரையும் இருக்குமாறு கவனித்துக்கொள்க.

மீனின் கழிவிலிருந்தும் தின்னாது விட்ட தீனியிலிருந்தும் அமோனியா தோன்றும். இது மீனுக்கு நஞ்சு. வடிகட்டியிலும் கற்களிலும் குடியேறும் பற்றீரியாக்கள் இதனை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும். தோட்ட மண்ணில் எரு பயிருக்கு உணவாக மாறும்போது நிகழும் தொழிலும் இத்தகையதே. புதுத்தொட்டியில் இப்பற்றீரியாக்கள் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை பொறுத்திருப்பவரே மீனைக் காப்பாற்றுவர்.

இரண்டாவது தொட்டி

சந்தையில் வாங்கிய கோழியை அன்றே பழைய கூட்டில் அடைப்பவன் முழுக்கூட்டையும் இழக்கக்கூடும். மீனுக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே ஒரு குடும்பம் வைக்கும் இரண்டாவது தொட்டி, விருந்தினர் கண்டு மகிழ்வதற்கானதன்று. புதிதாக வந்த மீனையும் நோயுற்ற மீனையும் புறம்பாக வைப்பதற்கான தடுப்புத் தொட்டியே ஆகும்.

கடல்மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி நோயை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். கிரிப்தோகாரியன் எனும் நுண்ணுயிர் இந்நோயை உண்டாக்குகின்றது. அது மீனின் தோலிலும் பூவிலும் சில நாள் தங்கி வளர்ந்து, பின் உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் உறையிட்டு ஒட்டிக்கொள்ளும். ஓர் உறையிலிருந்து இருநூறு வரையான குஞ்சுயிர்கள் வெளிவரக்கூடும். அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனை அடையாவிடின் இறந்துவிடும். உறைக்குள் இருக்கும் நிலையிலோ எந்த மருந்தும் அவற்றை எளிதில் அழிக்கமாட்டாது. புள்ளிகள் மறைந்தவுடன் நோய் நீங்கிற்றென எண்ணி ஏமாறுவது இதனாலேயே.

இந்நோய் பெருந்தொட்டியிற் புகுந்துவிட்டால் எல்லா மீன்களையும் வெளியே எடுத்து, அத்தொட்டியை மீனின்றிச் சுமார் 76 நாள் விட்டுவைத்தல் வளர்ப்போரிடையே பொதுவான முறையாகும். ஒரு மாதம் பொறுக்க மறுத்தவர் இரண்டரை மாதம் வெறுந்தொட்டியைப் பார்த்திருக்க நேரும்.

தடுப்புத் தொட்டிக்கு அதிக செலவில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி போதும். அது 50 லீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீர் கொள்ளும். மணலும் கல்லும் இடவேண்டியதில்லை. மீன் ஒளிந்துகொள்ளப் பிளாத்திக்குக் குழாய்த் துண்டுகள் சிலவற்றை இட்டாற் போதுமானது. பெருந்தொட்டியின் வடிகட்டியில் எப்பொழுதும் ஒரு மேலதிகப் பஞ்சை வைத்திருந்து, வேண்டியபோது அதனை இத்தொட்டிக்கு மாற்றினால் பற்றீரியாக்களும் உடன் வந்துவிடும். மருந்திட்ட தொட்டியில் இருந்த பஞ்சை மீண்டும் பெருந்தொட்டிக்குக் கொண்டுசெல்லலாகாது.

புதுமீனைக் குறைந்தது 30 நாள் இங்கே வைத்துக் கவனிக்க வேண்டும். செப்பு மருந்து தேவைப்படின் இத்தொட்டியிலேயே, பொதியிற் குறித்த அளவின்படி, நீரை நாள்தோறும் சோதித்து இடுக. பெருந்தொட்டியில் இட்டால் கல்லும் மணலும் செப்பை உறிஞ்சிவிடும். இறால், நத்தை, கடலனிமனி முதலியனவும் மடியும்.

தொட்டி ஒவ்வொன்றுக்கும் தனி வலை, தனி வாளி, தனிக் குழாய் இருத்தல் வேண்டும். முதலில் நலமான தொட்டியிலும் இறுதியில் தடுப்புத் தொட்டியிலும் வேலை செய்து, கைகளை நன்கு கழுவுக. காற்றுக் குமிழிகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளோடும் நோய்க்கிருமிகள் செல்லக்கூடுமாதலால், இரு தொட்டிகளுக்குமிடையே 10 அடிக்குக் குறையாத தூரம் விடுதல் நன்று. வேறு அறையில் வைத்தல் அதனினும் நன்று.

மின்சாரம்

உப்புநீரும் மின்சாரமும் நெருங்கியுள்ள இடத்திலே குழந்தைகள் நடமாடுவர் என்பதை மறவற்க. ட்ரிப் சுவிச்சு இல்லாத வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்தலாகாது. ஒவ்வொரு மின்கம்பியும் செருகியை அடையுமுன் ஒருமுறை கீழே தாழ்ந்து வளைந்து செல்ல வேண்டும். அப்போது கம்பி வழியே வரும் நீர் செருகியைச் சேராது நிலத்திற் சொட்டும். நீரிற் கையிடுமுன் மின்சாரத்தை நிறுத்துக.

2022ஆம் ஆண்டில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தமை யாவருக்கும் நினைவிருக்கும். மின்சாரம் நின்றால் மீனுக்கு முதலிற் குறைவது ஒட்சிசனே. பற்றரியால் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று தொட்டி ஒவ்வொன்றுக்கும் தேவை. அது இல்லாவிடத்து, தொட்டி நீரைக் குவளையில் முகந்து உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றி வருதல் வேண்டும். மின்சாரம் மீளும்வரை தீனி இடற்க. மூடிய வடிகட்டி பல மணித்தியாலம் நின்றிருப்பின் அதனுள்ளிருக்கும் பழுதான நீரைக் கொட்டியபின்னரே மீண்டும் இயக்குக.

கடலுக்குச் செய்யும் கடமை

1998ஆம் ஆண்டிலே கடல்நீர் மிகையாக வெப்பமுற்றதனால் ஹிக்கடுவை முதலிய இடங்களில் முருகைக் கற்பார்கள் வெளிறிப் பெரிதும் அழிந்தன. எஞ்சியவற்றை உடைத்தெடுத்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டதாகும். ஆகவே தொட்டியின் அழகுக்கெனக் கடலினின்று முருகை கொண்டுவருதல் கூடாது. சுட்ட மட்கற்களும் நன்கு கழுவி உலர்த்திய சிப்பித் தூளும் போதும். மீனைத் தெரியும்போதும் பண்ணையிற் பெருக்கப்பட்ட கோமாளி மீன் போன்றவற்றை முதலிற் கொள்க. அவை தொட்டி வாழ்வுக்குப் பழகியவை. முருகைப் பூச்சிகளையே உண்டு வாழும் வண்ணாத்தி மீன் இனங்களை வாங்குதல் அவற்றைப் பட்டினியிடுவதற்கு ஒப்பாகும்.

வேண்டாத மீனைக் கடலில் விடலாகாது. இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரிய சிங்கமீன் 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரம் காணப்பட்டது; தொட்டிகளிலிருந்து விடப்பட்ட மீன்களே அங்கு அது பெருகுவதற்குக் காரணமென ஆய்வாளர் கருதுகின்றனர். இன்று அது கரிபியன் கடலெங்கும் பரவி அங்குள்ள சிறுமீன்களைத் தின்று வருகின்றது.

குடும்பத்தாரின் பங்கு

வேலைகளை வீட்டார் பகிர்ந்துகொள்ளின் சுமை குறையும். காலையில் மீன்களை எண்ணி வெப்பநிலையைப் பார்த்தல், குறைந்த நன்னீரை விடுதல் ஆகியவற்றைப் பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். தீனியிடுதலை மட்டும் ஒருவரிடமே ஒப்படைக்க வேண்டும். பலரும் அன்பினால் இடும் தீனி நீரைக் கெடுத்துவிடும். இரு நிமிடத்திற்குள் தின்று முடிக்கும் அளவே போதும். நீர் மாற்றல், மருந்திடல், மின்கருவிகளைத் துப்புரவாக்கல் ஆகியன பெரியோருக்கே உரியன. தொட்டிக்கொரு கொப்பி வைத்துத் திகதி, உவர்ப்பு, வெப்பநிலை, மீன்களின் தொகை ஆகியவற்றைப் பதிந்து வருக.

தடுப்புத் தொட்டியைச் செவ்வையாக நடத்தி, கொப்பியில் ஓராண்டுப் பதிவு இடையறாது இருக்கக் கண்ட குடும்பம் மூன்றாவது தொட்டியைப் பற்றிச் சிந்திக்கலாம். கொப்பியில் வெற்றுப் பக்கங்கள் காணப்படின், புதுத்தொட்டி வாங்கும் பணத்தை உள்ள தொட்டிகளுக்குப் பற்றரிப் பம்பி வாங்கச் செலவிடுதல் நன்று.