கணவாய் கடக்கும் பகல் ரயில்

கரீபியக் கடலில் உள்ள செயின்ட் கிட்ஸ் தீவில் ஒரு சுற்றுலா ரயில் ஓடுகிறது. 1912 முதல் 1926 வரை, கரும்பு ஏற்றிச் செல்வதற்காகப் போட்ட குறுகிய தண்டவாளம் அது. 2005இல் தீவின் சர்க்கரைத் தொழிலையே மூடிவிட்டார்கள். இப்போது ரயிலில் வேடிக்கை பார்க்க வருபவர்கள் மட்டும்தான்.

இப்படி வேடிக்கை பார்த்தபடி ரயிலில் போக, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மம்சாபுரத்துக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் போதும். செங்கோட்டையைத் தாண்டியதும் ஆரியங்காவுக் கணவாய் தொடங்கிவிடும்: குகைப்பாதை, பள்ளத்தாக்கு, காடு, மறுபடியும் குகைப்பாதை. ஏற்றம் கடுமை, அதனால் பின்னாலும் ஓர் எஞ்சினைப் பூட்டித் தள்ளுவது இந்தப் பாதையின் வழக்கம். கழுதுருட்டி அருகே வருகிறது கருங்கல்லில் எழுப்பிய பதின்மூன்று கண் பாலம். கீழே நெடுஞ்சாலையில் போகிறவர்களும் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள்.

1904இல் மீட்டர்கேஜாகத் திறந்த பாதை இது. அகலப்பாதையாக மாற்றி, 2018இல் மீண்டும் ரயில் விட்டார்கள். பழைய பாலத்தை இடிக்காமல் பலப்படுத்தியது உண்மையிலேயே பாராட்ட வேண்டிய வேலை.

குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலை மாதங்களில் மலை பச்சையாக இருக்கும். அப்போது போங்கள், ஜன்னலோர இருக்கையை விட்டுவிடாதீர்கள்!