மிட்-டவர் கேபினெட் வாங்கப் போறீங்களா? திருப்பதி வெயிலுக்கு எது தாங்கும், எப்படிக் கண்டுபிடிப்பது?

புதிதாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்பவர்கள் பிராசஸருக்காக ஒரு வாரம் யோசிப்பார்கள், கிராபிக்ஸ் கார்டுக்காக ஒரு மாதம்கூட யோசிப்பார்கள். கேபினெட்டுக்கு மட்டும் அஞ்சு நிமிஷம். "பார்க்க நல்லா இருக்கு, லைட் எரியுது, இதையே போட்டுடுங்க."

சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்குத் திருப்பதியிலோ சித்தூரிலோ வீட்டில் இருந்தபடி வேலை பார்ப்பவர்களுக்கு இந்த அஞ்சு நிமிஷ முடிவு விலை உயர்ந்ததாக மாறலாம். வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங், கோடிங் என்று எட்டு மணி நேரம் ஓடும் கம்ப்யூட்டர், ஏசி இல்லாத அறை, மே மாதம். திருப்பதியில் கோடைக்கால வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வாடிக்கை. சித்தூரும் பெரிதாகச் சளைத்ததல்ல. நாம் பார்க்கும் ரிவ்யூக்களோ 20 முதல் 25 டிகிரி வரையான அறைகளில் எடுக்கப்பட்டவை.

இந்த இடைவெளியை எப்படிக் கணக்கில் எடுப்பது? ஒரு கேபினெட்டில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டுகொள்ள வேண்டாம்?

முதல்ல, மிட்-டவர்னா என்ன?

முழு ஏடிஎக்ஸ் மதர்போர்டு பொருந்தும் நடுத்தர அளவுப் பெட்டியைத்தான் மிட்-டவர் என்கிறார்கள். உயரம் பொதுவாக 45 முதல் 50 செ.மீ. வரை இருக்கும். ஏடிஎக்ஸ் என்பது 1995இல் இன்டெல் கொண்டுவந்த அளவுத் தரம். போர்டின் அளவு 305 × 244 மி.மீ. மைக்ரோ-ஏடிஎக்ஸ் 244 × 244 மி.மீ. மினி-ஐடிஎக்ஸ் 170 × 170 மி.மீ. திருகு துளைகளின் இடம்வரை தரப்படுத்தப்பட்டிருப்பதால், இன்று வாங்கும் நல்ல மிட்-டவர் அடுத்த இரண்டு மூன்று மதர்போர்டு மாறினாலும் கூடவே இருக்கும். கம்ப்யூட்டரிலேயே அதிக காலம் உழைக்கக்கூடிய பாகம் இதுதான்.

இந்தியச் சந்தையில் 3,000 ரூபாய்க்குக் கீழேயும் மிட்-டவர் கிடைக்கும், 10,000 ரூபாய்க்கு மேலேயும் கிடைக்கும். விலை ஏற ஏற உங்களுக்குத் தேவையானதும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

ரிவ்யூவில் எந்த எண்ணைப் பார்க்கணும்?

'டெல்டா டி' என்ற எண்ணைத் தேடுங்கள். அறை வெப்பநிலையைவிட பாகம் எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்பதை அது சொல்லும். கேமர்ஸ் நெக்ஸஸ் போன்ற சோதனைக்காரர்கள் கேபினெட் முடிவுகளை இப்படித்தான் வெளியிடுகிறார்கள். அந்த எண்ணோடு உங்கள் அறையின் வெப்பநிலையைக் கூட்டினால், உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பது ஏறத்தாழ தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரே பாகங்களைப் போட்டு சோதித்த இரண்டு கேபினெட்டுகள். முதலாவதில் பிராசஸரின் டெல்டா டி 50, இரண்டாவதில் 62 என்று வைத்துக்கொள்வோம்.

- 22 டிகிரி அறையில்: முதல் கேபினெட் 72 டிகிரி, இரண்டாவது 84 டிகிரி. இரண்டுமே பாஸ்.
- 38 டிகிரி அறையில்: முதல் கேபினெட் 88 டிகிரி, இரண்டாவது 100 டிகிரி.

ஏஎம்டி ரைசன் 5 7600 பிராசஸரின் உச்ச வரம்பு 95 டிகிரி. அதைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதாவது இரண்டாவது கேபினெட்டில், காசு கொடுத்து வாங்கிய வேகம் மே மாதத்தில் உங்களுக்குக் கிடைக்காது. 'இரண்டுமே நல்லா இருக்கு' என்ற ரிவ்யூ அங்கே உண்மை. இங்கே ஒன்றுதான் தேறும்.

காற்று எவ்வளவு வேணும்?

கேபினெட்டின் முக்கிய வேலை, உள்ளே உருவாகும் சூட்டைக் காற்றோடு வெளியே அனுப்புவது. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. உள்ளே செலவாகும் வாட் எண்ணை 1.85ஆல் பெருக்கி, காற்றோட்டத்தின் சிஎஃப்எம் எண்ணால் வகுங்கள். பெட்டிக்குள் காற்று சராசரியாக எத்தனை டிகிரி சூடேறும் என்பது வரும். சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று கடக்கிறது என்ற அளவு. ஃபேன் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருப்பார்கள்.

ரைசன் 5 7600 உச்சத்தில் 88 வாட் வரை எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 250 வாட் என்று வைத்துக்கொண்டால்:

- 30 சிஎஃப்எம் காற்று: 15 டிகிரி ஏறும்
- 50 சிஎஃப்எம்: 9 டிகிரி
- 100 சிஎஃப்எம்: 5 டிகிரிக்கும் கீழே

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, 30இலிருந்து 50க்குப் போனாலே பெரிய வித்தியாசம். அதற்கு மேல் ஃபேன் கூட்டக் கூட்டப் பலன் குறையும். ஏழு ஃபேன், எட்டு ஃபேன் என்று விளம்பரம் செய்யும் கேபினெட் இப்படிப்பட்ட சிஸ்டத்துக்குத் தேவையில்லை.

இரண்டு, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் சிஎஃப்எம், ஃபேனுக்கு முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது. தூசி வடிகட்டி, மூடிய முகப்பு, குறுகலான சந்து எல்லாம் சேர்ந்தால் அது பாதிக்கும் கீழே இறங்கலாம். ஆக, ஃபேன் எண்ணிக்கையைவிட அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்பது முக்கியம்.

பிராசஸராவது வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த வசதி கிடையாது. பல டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்குகளுக்கு நிறுவனங்கள் சொல்லும் உச்ச வரம்பு 60 டிகிரி. 38 டிகிரி அறை, உள்ளே 15 டிகிரி ஏற்றம் என்றால், டிஸ்க்கைச் சுற்றியுள்ள காற்றே 53 டிகிரி. டிஸ்க்கின் சொந்தச் சூடு அதற்கு மேல். ஐந்து வருட வேலை அதற்குள் இருக்கிறது என்றால், இது வேகம் சம்பந்தப்பட்ட பிரச்சினை மட்டும் இல்லை.

கண்ணாடி முகப்பா, வலை முகப்பா?

பக்கவாட்டில் கண்ணாடி இருப்பதில் பெரிய பாதிப்பு இல்லை. அந்தப் பக்கம் வழக்கமாகக் காற்று நுழைவதில்லை. முன்பக்கம் கண்ணாடியோ தட்டையான தகடோ இருந்தால்தான் சிக்கல். ஓரத்துச் சந்து வழியாக மட்டும் ஃபேன் மூச்சு வாங்க வேண்டியிருக்கும்.

நிறுவனங்களே இதை ஒப்புக்கொண்டு வழி மாறியிருக்கின்றன. மூடிய முகப்போடு நன்றாக விற்ற எச்510 மாடலுக்கு, துளையிட்ட முகப்புடன் 'எச்510 ஃப்ளோ' என்ற வடிவத்தை என்இசட்எக்ஸ்டி நிறுவனம் 2021இல் கொண்டுவந்தது. ஃப்ராக்டல் டிசைன் நிறுவனம் தன் 'டிஃபைன் சி' கேபினெட்டின் உடலுக்கே வலை முகப்பு போட்டு 'மெஷிஃபை சி' என்று விற்றது. மூடிய முகப்பில் சத்தம் குறைவாகக் கேட்கும் என்பது உண்மைதான். ஏசி அறையில் ஆடியோ வேலை செய்பவருக்கு அது சரி. மின்விசிறி மட்டும் உள்ள அறைக்கு வலை முகப்புதான் சரி.

வலைன்னா தூசி உள்ளே வராதா?

வரும். அதனால்தான் வடிகட்டி கழற்றக்கூடியதா என்று பார்க்க வேண்டும். முன்பக்கம், எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கீழே, மேலே என மூன்று இடத்திலும் இருப்பது நல்லது. கம்ப்யூட்டரை நகர்த்தாமல், திருகைக் கழற்றாமல், கையால் இழுத்து எடுக்க முடிய வேண்டும். கஷ்டமாக இருந்தால் நீங்கள் சுத்தம் செய்யவே மாட்டீர்கள். அதுதான் நடைமுறை.

காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன்கள் வெளியே தள்ளுபவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பது நல்ல தொடக்கம். அப்போது காற்று வடிகட்டி வழியாக உள்ளே வந்து, சந்துகள் வழியாக வெளியே போகும். தலைகீழாக இருந்தால் ஒவ்வொரு சந்தும் தூசி உறிஞ்சும் வாய் ஆகிவிடும். பின்பக்க ஸ்லாட் மூடிகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல்லிக்கும் கரப்பானுக்கும் அந்த ஓட்டை போதும்.

தொட்டால் சுருக்குன்னு அடிக்குதே?

இது கேபினெட்டின் குறை இல்லை, ஆனால் கேபினெட்டில்தான் தெரியும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறிய மின்தேக்கிகள் இருக்கும். அவை பெட்டியின் உலோக உடலோடு இணைந்தவை. வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி, பெட்டியின் உடலில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் இருக்கும்.

ஆனால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே பழுதாகி முழு மின்சாரமும் உலோகத்துக்கு வந்தால் காப்பாற்ற வேண்டியது அந்த எர்த்தான். பழைய வாடகை வீடு என்றால், கம்ப்யூட்டர் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் செருகுவது வேண்டவே வேண்டாம்.

'எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ' என்று வரும் மலிவு கேபினெட்டிலும் இதே கவனம் தேவை. கிராபிக்ஸ் கார்டு போடும் சிஸ்டத்துக்கு எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக, 80 பிளஸ் சான்றிதழ் உள்ளதாக வாங்குங்கள்.

ஒரு பெட்டியால் தீப்பிடிக்குமா?

பிடித்திருக்கிறது. என்இசட்எக்ஸ்டியின் எச்1 என்ற சிறிய கேபினெட்டை அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தோடு சேர்ந்து அந்த நிறுவனம் 2021 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 32,000 பெட்டிகள். கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் ரைசர் பலகையை உடலோடு பிடித்திருந்த திருகுகள் ஷார்ட் சர்க்யூட்டை உண்டாக்கலாம் என்பதுதான் காரணம். பலகை அதிகமாகச் சூடானதாகவோ தீப்பிடித்ததாகவோ உலக அளவில் 11 புகார்கள் பதிவாகியிருந்தன.

எச்1 மிட்-டவர் அல்ல. ஆனாலும் பாடம் பொதுவானது: இங்கே உலோகமும் மின்சாரமும் சில மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. மிட்-டவரில் மதர்போர்டைத் தாங்கும் பித்தளை முட்டுகள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். தவறான இடத்தில் ஒன்று கூடுதலாக இருந்தால் போர்டின் பின்பக்கம் ஷார்ட் ஆகலாம். அசெம்பிள் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

அளவு பொருந்துமா?

மூன்று எண்களைக் குறித்துக்கொண்டு போனால் போதும்.

- கிராபிக்ஸ் கார்டின் நீளம்: ஆர்டிஎக்ஸ் 4090 ஃபவுண்டர்ஸ் எடிஷன் 304 மி.மீ. முன்பக்கம் ரேடியேட்டர் வைத்தால் அதன் தடிமனை இடத்திலிருந்து கழிக்க வேண்டும்.
- ஏர் கூலரின் உயரம்: நாக்டுவா என்எச்-டி15 போன்ற பெரிய கூலர் 165 மி.மீ. கேபினெட் 160 மி.மீ. என்றால் கதவு மூடாது.
- மதர்போர்டுக்குப் பின்னால் ஒயர் ஓட இடம்: 2 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் நிம்மதி.

முன்பக்கம் டைப்-சி போர்ட் இருந்தால், அதற்கான இணைப்பு உங்கள் மதர்போர்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

கடையிலா, ஆன்லைனிலா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு இரண்டுமே இந்தப் பகுதியிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். நேரில் போனால் செய்ய வேண்டியவை:

- மொபைல் டார்ச்சை முகப்புக்குள் வைத்து அடியுங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் காற்றும் வரும்.
- பக்கத் தகட்டை விரலால் அழுத்துங்கள். அப்பளம் மாதிரி வளைந்தால் ஃபேன் அதிர்வில் சத்தம் போடும்.
- உள் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் கையையும் கிழிக்கும், ஒயரையும் கிழிக்கும்.
- ஃபேன் இணைப்பு எத்தனை பின் என்று கேளுங்கள். நேரடியாக எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் மோலெக்ஸ் மட்டும் என்றால், வேகத்தை மதர்போர்டிலிருந்து கட்டுப்படுத்த முடியாது.

ஆன்லைனில் வாங்கினால், பார்சலைப் பிரிப்பதை முதலிலிருந்தே வீடியோ எடுங்கள். கண்ணாடி உடைந்து வந்தால் அதுதான் ஆதாரம். 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சுருக்கமா சொன்னா

250 வாட் அளவிலான வேலைக்கார சிஸ்டத்துக்கு வலை முகப்பு, முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று, கையால் கழற்றும் வடிகட்டி, வளையாத தகடு. இவ்வளவு இருந்தால் நடுத்தர விலை கேபினெட்டே போதும். வண்ண விளக்குக்குத் தரும் கூடுதல் காசை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் எர்த்துக்கும் போடுங்கள். வாங்கி வைத்த பிறகு, மே மாதத்தில் ஒரு மதியம் இரண்டு மணிக்கு, வழக்கமான வேலையை ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துப் பாருங்கள். பக்கக் கதவைத் திறந்ததும் பத்து டிகிரி குறைகிறது என்றால், அந்தப் பெட்டிக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். முதலில் வடிகட்டியைக் கழுவிப் போடுங்கள். அப்புறமும் அப்படியே இருந்தால், அடுத்து மாற்ற வேண்டியது பிராசஸர் இல்லை, பெட்டிதான்.