படம் சுருங்கும் வரை காத்திருந்தால் பேட்டரி என்னவாகும்?

பேராக் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தாத்தா பாட்டி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், லயத்தில் முதன்முதலாகத் தொலைக்காட்சி பார்த்த கதையைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கதையில் ஒரு கார் பேட்டரியும் வரும். மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் பல தோட்டங்களுக்கு மின்கம்பி எட்டவில்லை. பேராக் ஆற்றின் செண்டேரோ அணை 1930இலேயே மின்சாரம் தந்தது. அது முக்கியமாகக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களுக்குப் போனது. தோட்டத்தில் ஜெனரேட்டர் இருந்தால் மாலையில் சில மணி நேரம் விளக்கு எரியும். இல்லையென்றால் மண்ணெண்ணெய் விளக்குதான். எனவே கறுப்பு வெள்ளைப் பெட்டியின் கம்பிகளைக் கார் பேட்டரியில் மாட்டிப் படம் பார்த்தார்கள்.

பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்க, திரையில் படம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். கதாநாயகன் குள்ளமாகிவிட்டால், பேட்டரியைப் பட்டணத்துக் கடைக்குத் தூக்கிப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். அந்த அடையாளத்தை நம்பியதுதான் பேட்டரியின் ஆயுளைக் குறைத்தது. படம் சுருங்கும் வேளையில் கேடு பாதி நடந்து முடிந்திருக்கும்.

எப்படி என்று பார்ப்போம். பேட்டரிக்குள் காரீயத் தகடுகளும் காரீய டைஆக்சைடு பூசிய தகடுகளும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. (நம் ஊரில் ‘ஈயம்’ என்றால் கிந்தாவில் தோண்டிய வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது அதைவிடக் கனமான காரீயம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெள்ளீயமும் பிறகு வரும்.) மின்சாரம் எடுக்கும்போது இரு வகைத் தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது, அமிலம் நீர்த்துப் போகிறது. சார்ஜ் செய்தால் இது அப்படியே திரும்புகிறது. ஐந்தாம் படிவ வேதியியலில் நீங்கள் படிக்கும் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினைதான் இது.

புதிதாகப் படியும் சல்பேட்டு மாவு போல நுண்ணியது. எளிதில் கரைந்து திரும்பும். அதை நாள்கணக்கில் அப்படியே விட்டால் சிறு படிகங்கள் சேர்ந்து பெரிய, கெட்டியான படிகங்களாகிவிடும். அவை சார்ஜுக்கு மசியாது. அந்த இடம் தகட்டில் இனி வேலை செய்யாது. இதைத்தான் ‘சல்பேட்டு ஏறுதல்’ என்கிறார்கள். பேட்டரியைக் கொல்வதில் முதலிடம் இதற்கே.

இப்போது ஒரு கணக்கு. லயத்து வீட்டில் 40 ஆம்பியர்-மணி பேட்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிறிய தொலைக்காட்சி 1.5 ஆம்பியர் இழுக்கிறது, இரவுக்கு 3 மணி நேரம் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 4.5 ஆம்பியர்-மணி. வாரத்திற்கு ஒருமுறைதான் பட்டணம் போக முடியும் என்றால் 7 இரவில் 31.5 ஆம்பியர்-மணி, அதாவது ஏறக்குறைய 80 விழுக்காடு காலி! ஐந்தாம் நாளே பாதியைத் தாண்டிவிடுகிறது. மீதி நாள்களில் சல்பேட்டு கெட்டிப்பட வேண்டிய அவகாசம் கிடைக்கிறது. குடும்பம் எந்தத் தவறும் செய்யவில்லை. லாரி வரும் நாளும் பேட்டரியின் வேதியியலும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பேட்டரியின் பிறவியும் இந்த வேலைக்கு ஏற்றதன்று. கார் பேட்டரி, எஞ்சினை உசுப்ப ஓரிரு விநாடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தர வேண்டியது. அதற்காக மெல்லிய தகடுகள் பல அடுக்கப்பட்டிருக்கும். பல மணி நேரம் மெதுவாகக் கறந்தால் அந்தத் தகடுகளின் பூச்சு உதிரும். இன்று கோப்பெங் ஆற்றோர முகாம்களுக்குப் போகும் கேரவன்களில் விளக்கையும் விசிறியையும் குளிர்பெட்டியையும் ஓட்டுவது வேறு வகைப் பேட்டரி. ‘டீப் சைக்கிள்’ என்று பெயர். தடித்த தகடு, குறைந்த அவசரம், நீண்ட உழைப்பு. ஆனாலும் அதற்குள் நடப்பது அதே வேதியியல். எனவே தாத்தா காலத்துப் பாடம் கேரவனுக்கும் பொருந்தும்: பாதிக்குக் கீழே இறக்காதே, இறங்கினால் அன்றே ஏற்று.

பாதி என்பதை எப்படி அறிவது? விளக்கு மங்குவதைப் பார்த்து அன்று. வோல்ட் மீட்டரைப் பார்த்து. எதையும் ஓட்டாமல், சார்ஜும் செய்யாமல் பேட்டரியைச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால் 12.7 வோல்ட் நிறைவு, 12.2 வோல்ட் ஏறக்குறைய பாதி, 12க்குக் கீழே என்றால் ஆபத்து. பார்த்தீர்களா, நிறைவுக்கும் பாதிக்கும் அரை வோல்ட்தான் வித்தியாசம். இவ்வளவு சிறிய இறக்கத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

கேரவன் பற்றிய ஐரோப்பிய நூல்கள் குளிர்காலத்தில் பேட்டரியை எப்படிப் பாதுகாப்பது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும். ஈப்போவில் நமக்கு எதிரி வெயில். 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காரீயப் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொது விதி. வெப்பத்தில் தகட்டின் கட்டம் வேகமாக அரிக்கிறது. சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கும் வேகமும் கூடுகிறது. வெயிலில் நிற்கும் வண்டியின் இருக்கைக்கு அடியில், காற்றே புகாத பெட்டிக்குள் பேட்டரியை வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். காற்றோட்டத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு: சார்ஜ் முடியும் தறுவாயில் ஹைட்ரஜன் வாயு வெளிவரும், ஒரு தீப்பொறி போதும். சார்ஜரின் வோல்டேஜையும் வெப்பத்திற்கேற்பச் சற்றுக் குறைக்க வேண்டும், 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்கு 0.02 முதல் 0.03 வோல்ட் வரை. நல்ல சார்ஜர் இதைத் தானே செய்துகொள்ளும்.

மூடி திறக்கும் வகையானால் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். வாலை வடிநீர் மட்டுமே ஊற்றலாம். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள். அந்தக் கல்லில் ஊறி வரும் நீரில் கால்சியம் கரைந்திருக்கும். குழாய் நீரில் குளோரின். இவை பேட்டரிக்குள் வேண்டாத விருந்தாளிகள். சார்ஜ் முடிந்த பிறகே நீரை நிரப்புங்கள், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது நீர்மட்டம் உயரும், வழிந்தால் அமிலமும் சேர்ந்து வழியும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மூடியைத் தொடாதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி வெள்ளீயம். மூடியைத் திறக்கத் தேவையில்லாத பேட்டரிகளின் கட்டங்கள் காரீயத்தோடு சிறிது கால்சியமும் வெள்ளீயமும் கலந்தவை. அந்தச் சிறு அளவு வெள்ளீயம் இல்லாவிட்டால், ஆழமாக இறங்கிய பேட்டரியில் கட்டத்திற்கும் பூச்சுக்கும் நடுவே மின்சாரத்தை மறிக்கும் படலம் உருவாகி, மறுபடி சார்ஜ் ஏறுவது கடினமாகும்.

ரப்பருக்கும் பங்கு உண்டு. பிரான்சின் காஸ்டன் பிளாண்டே 1859இல் செய்த முதல் காரீயப் பேட்டரியில், இரு தகடுகள் ஒட்டாமல் இருக்க நடுவே ரப்பர் பட்டைகளை வைத்துச் சுருட்டினார். கோலகங்சாரில் ரப்பர் கன்று ஊன்றியது 1877இல், அதற்கும் 18 ஆண்டுகள் கழித்து. பிறகு பல்லாண்டுகள் பேட்டரியின் கறுப்புப் பெட்டியே கெட்டி ரப்பரால் ஆனது; பிளாஸ்டிக் வந்து அதை ஒதுக்கியது. ஆனால் ஆழமாகக் கறக்கும் பேட்டரிகள் சிலவற்றில், தகடுகளுக்கு இடையிலான பிரிப்பான் இன்றும் இயற்கை ரப்பர் கலந்தது. நேர்த்தகட்டிலிருந்து ஆண்டிமனி கரைந்து எதிர்த்தகட்டுக்குப் போனால் சார்ஜ் வீணாகி நீர் வற்றும்; ரப்பர் அதைத் தடுக்கிறது. மங்கில் சொட்டும் பாலுக்குக் காலணியும் டயரும் தவிர இப்படியொரு வேலையும் இருக்கிறது.

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒரு நாள் பேட்டரி ஓயும். அப்போது அதைச் செம்பனைக் காட்டு ஓரத்தில் வீசுவதோ, வீட்டில் உடைத்துக் காரீயம் எடுப்பதோ கூடாது. காரீயத் தூசு குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். மலேசியச் சட்டத்தில் அது எஸ்டபிள்யூ 102 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால், விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.