தெருமுனைக் காவல் – 7: கொபானும் குடியிருப்போரும்

ஜப்பானிய நகரங்களில் ரயில் நிலைய வாசலிலும் கடைத்தெரு முனையிலும் ஓரிரு அறை கொண்ட சிறிய காவல் கட்டடம் ஒன்று நிற்கும். வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். அதன் பெயர் கொபான். டோக்கியோ மாநகரக் காவல் துறை தொடங்கப்பட்ட 1874ஆம் ஆண்டிலேயே, காவலர்கள் முறைவைத்து மாறி மாறி நிற்கும் இடமாக அது உருவானது. கிராமங்களுக்கு 1888இல் சூசாய்ஷோ என்ற இன்னொரு ஏற்பாடு வந்தது. அங்கே காவலர் குடும்பத்தோடு குடியிருப்பார். முன்னறை காவல் நிலையம், பின்கட்டு வீடு. அவர் ரோந்து போயிருக்கும்போது யாராவது வந்தால், பெரும்பாலும் மனைவிதான் விசாரித்துக் குறித்துவைப்பார். அந்த வேலைக்கு அரசு அவருக்குத் தனியே ஒரு தொகையும் தருகிறது. இன்று இரண்டு வகையிலும் தலா ஏறக்குறைய ஆறாயிரம் நிலையங்கள் நாடெங்கும் உள்ளன.

கொபானுக்கு வருபவர்களில் பலர் வழி கேட்க வருபவர்கள். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. பேட்டை, அதனுள் பகுதி, அதனுள் மனை என்று எண்களால்தான் முகவரி அமைகிறது. அதனால் வீடு வீடாகக் குறித்த பெரிய வரைபடம் கொபானில் இருக்கும். காவலர் அதில் விரல் வைத்துக் காட்டுவார். பர்ஸைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பக் காசில்லாமல் நிற்பவருக்கு, டோக்கியோ கொபான்களில் ஆயிரம் யென் வரை கைமாற்று கிடைக்கும். பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்தால் போதும். கண்டெடுத்த பொருளைக் கொண்டுவந்து கொடுப்போரும் இங்கேதான் வருகிறார்கள். உரியவர் கிடைத்தால், பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை சன்மானம் கேட்கக் கண்டெடுத்தவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. மூன்று மாதத்தில் யாரும் வராவிட்டால் பொருளே அவருக்குச் சேரும். செல்பேசி, அடையாள அட்டை போன்றவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது. நேர்மையைக் குணமாக மட்டும் பார்க்காமல், அதற்கு ஒரு நடைமுறையையும் பக்கத்திலேயே ஒரு வாசலையும் அமைத்துக் கொடுத்திருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

கொபான் காவலர் தம் எல்லையிலுள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் நேரில் போய்வருவதும் வழக்கமான பணி. அக்கம்பக்கத்தில் நடந்த திருட்டைச் சொல்லி எச்சரிப்பார், குறைகளைக் கேட்பார், வீட்டிலிருப்போர் விவரத்தையும் அவசரத்தில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதையும் ஓர் அட்டையில் எழுதித் தரச் சொல்வார். நிலநடுக்கத்தின்போது இந்த அட்டை உயிர் காக்கும். ஆனால் எழுதித் தருவது கட்டாயமல்ல. தனித்து வாழும் இளைஞர்களும் அடுக்குமாடிவாசிகளும் கதவைத் திறக்கவே தயங்குகிறார்கள்.

அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. 1905 செப்டம்பரில், ரஷ்யாவுடன் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையை எதிர்த்து ஹிபியா பூங்காவில் கூடிய மக்கள், டோக்கியோவின் பெரும்பாலான காவல் சாவடிகளை அடித்து நொறுக்கித் தீவைத்தார்கள். அன்றைய கொபான் அதிகாரத்தின் முகமாக இருந்தது. 1940இல் அரசு நாடெங்கும் ‘தொனாரிகுமி’ என்ற அண்டை வீட்டார் குழுக்களைக் கட்டாயமாக்கியது. பங்கீட்டுப் பொருள் அவற்றின் வழியாகத்தான் வந்தது. ஒருவரை ஒருவர் கண்காணிப்பதும் அவற்றின் வழியாகவே நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் 1947இல் அவற்றைக் கலைத்தது. அக்கறைக்கும் வேவுக்கும் நடுவிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை ஜப்பான் பட்டே அறிந்தது.

குடியிருப்போர் மீண்டும் பெரிய அளவில் தெருவில் இறங்கியது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். 2001 ஜூனில் ஒசாகாவின் இகேதா தொடக்கப் பள்ளிக்குள் கத்தியுடன் புகுந்த ஒருவன் எட்டுக் குழந்தைகளைக் கொன்றான். மறு ஆண்டு பதிவான குற்றங்கள் சுமார் 28.5 லட்சம், போருக்குப் பிந்தைய உச்சம் அது. 2003இல் மூவாயிரம் அளவில் இருந்த தன்னார்வப் பாதுகாப்புக் குழுக்கள், பத்தாண்டு சொச்சத்தில் 45,000ஐத் தாண்டின. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்களும் பெற்றோர்களும். கூரையில் நீல விளக்கு சுழலும் கார்களில் அவர்கள் ரோந்து போக 2004 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. யாராவது துரத்தினால் குழந்தை ஓடி ஒதுங்குவதற்கென்று வீடுகளும் கடைகளும் வாசலில் அடையாளப் பலகை வைத்தன.

ரிஷ்ஷோ பல்கலைக்கழகக் குற்றவியல் பேராசிரியர் கொமியா நொபுவோ பரப்பிய வரைபட முறை இவற்றில் தனிச் சிறப்புடையது. பிள்ளைகளே தங்கள் பேட்டையைச் சுற்றிவந்து, எளிதில் நுழையக்கூடிய, ஆனால் பிறர் கண்ணில் படாத இடங்களைத் தேடிக் குறிக்கிறார்கள். சந்தேகப்பட வேண்டியது ஆளையல்ல, இடத்தைத்தான் என்று இந்த முறை பழக்குகிறது. வேற்றூராரையும் வெளிநாட்டாரையும் கண்டு மிரளப் பழக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

டோக்கியோவின் அதாச்சி வட்டாரம் 2008இல் காவல் துறையுடன் சேர்ந்து ‘அழகான ஜன்னல்கள்’ இயக்கத்தைத் தொடங்கியது. அப்போது குற்ற எண்ணிக்கையில் நகரின் 23 வட்டாரங்களில் முதலிடத்தில் நின்ற பேட்டை அது. தெருவோரம் பூச்செடி வளர்த்தார்கள், குப்பை அகற்றினார்கள். சைக்கிள் திருட்டுதான் அங்கே பெரும் தலைவலி என்பதால், சொந்த வீட்டு வாசலிலும் சைக்கிளைப் பூட்டச் சொல்லி ஓயாமல் பிரசாரம் செய்தார்கள். 2001இல் 16,000ஐத் தாண்டியிருந்த குற்றங்கள் இருபது ஆண்டுகளில் நாலாயிரத்துக்கும் கீழே வந்தன.

நாடு முழுவதும் 2021இல் பதிவான குற்றங்கள் சுமார் 5.68 லட்சமாகக் குறைந்தன. இந்தப் பெருமை முழுவதையும் கொபானுக்கும் குழுக்களுக்கும் கொடுத்துவிட முடியாது. நல்ல பூட்டுகள், கார்த் திருட்டைத் தடுக்கும் கருவிகள், கண்காணிப்பு கேமராக்கள், இளைஞர் எண்ணிக்கை சுருங்கியது என எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. என்றாலும் பிற நாடுகள் இந்த ஏற்பாட்டைத் தேடி வந்தன. சிங்கப்பூர் 1983இல் தோ பாயோவில் தன் முதல் அக்கம்பக்கக் காவல் சாவடியைத் திறந்தது; பிரேசிலின் சாவோ பாவுலோவும் ஜப்பானிடம் பயிற்சி பெற்றது.

2022 முதல் குற்றங்கள் மீண்டும் கூடிவருகின்றன. தன்னார்வலர்களுக்கு வயதாகிவிட்டது, குடியிருப்போர் சங்கங்களில் புதிதாகச் சேருவோர் குறைவு. ஆளில்லாமல் விளக்கு மட்டும் எரியும் கொபான்கள் பற்றிய புகார் பழையது. ஓய்வுபெற்ற காவலர்களை ஆலோசகர்களாக உட்கார வைத்து அதை ஓரளவு சமாளிக்கிறார்கள். 2018இல் நீகாதாவில் பள்ளி விட்டுத் திரும்பிய சிறுமி கொல்லப்பட்ட பிறகு, நாயைக் கூட்டிப் போகும்போதும் ஓடும்போதும் செடிக்குத் தண்ணீர் விடும்போதும் பிள்ளைகள் மேல் ஒரு கண் வைக்குமாறு அரசு கேட்டுக்கொண்டது. தனியே நேரம் ஒதுக்க முடியாதவர்களும் செய்யக்கூடிய காவல் இது. முதியவர்களைக் குறிவைக்கும் தொலைபேசி மோசடி தெருவுக்கே வருவதில்லை என்பதால், காவல் துறையின் கூட்டாளிகளும் மாறியிருக்கிறார்கள். செல்பேசியைக் காதில் வைத்தபடி ஏடிஎம் முன்னே நிற்கும் பாட்டியிடமும், கட்டுக்கட்டாக ப்ரீபெய்டு கார்டு கேட்கும் தாத்தாவிடமும் “யார் இப்படிச் செய்யச் சொன்னார்கள்?” என்று கேட்கும்படி வங்கி ஊழியர்களுக்கும் 24 மணி நேரக் கடைச் சிப்பந்திகளுக்கும் காவலர்கள் சொல்லித் தருகிறார்கள். மோசடியைத் தடுத்த சிப்பந்தியை நிலையத்துக்கு அழைத்து நன்றிப் பத்திரம் வழங்குகிறார்கள்.