கரை எந்தப் பக்கம்?

அண்மையில், என்னிடம் பொருளாதாரம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அம்பத்தூருக்கு அருகே ஒரு வீட்டு மனைக்கு முன்பணம் கொடுக்கவிருந்தார். ரயில் நிலையம் எத்தனை நிமிடத் தொலைவு, பள்ளி எங்கே, மருத்துவமனை எங்கே என்பதையெல்லாம் கைப்பேசி வரைபடத்தில் ஆர்வமுடன் காட்டினார். 'மழை பெய்தால் அந்த மனையிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?' என்று கேட்டேன். 'அது இதில் தெரியாதே, ஐயா' என்றார்.

அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் நானும் இப்பகுதியில்தான் மனை வாங்கினேன். சுற்றுவட்டார விலையைவிடக் குறைவாகக் கிடைத்ததில் மகிழ்ந்தேனே தவிர, ஏன் குறைவு என்று கேட்கவில்லை. 2015 டிசம்பரில் முழங்கால் அளவுத் தண்ணீர் கூடத்துக்குள் புகுந்தபோது விடை கிடைத்தது. பழைய வாய்க்கால் ஒன்றின் தடத்தை ஒட்டி வீடு கட்டியிருந்தேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விற்பவருக்குத் தெரிந்த உண்மை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு பழுதடைகிறது என்பதைப் பழைய கார் விற்பனையை உதாரணமாகக் கொண்டு 1970-இல் விளக்கியவர் ஜார்ஜ் அகெர்லாஃப். அதற்காக 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தக் கோட்பாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திய நான், என் சொந்த மனை விஷயத்தில் அதை மறந்துபோனேன். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் பொருளைப் பற்றி மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் தகவல், நிலவரைபடம். அதைப் படிக்கத்தான் நாம் பழகவில்லை.

கைப்பேசி வரைபடம் பெரும் வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால், அது 'எப்படிப் போவது' என்ற ஒரு கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. 'இந்த இடம் எப்படிப்பட்டது' என்ற கேள்விக்கு வேறு வரைபடங்களைத்தான் நாட வேண்டும்.

இந்திய நில அளவைத் துறை 1:50,000 அளவையில் வெளியிடும் வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். மலைப்பகுதிகளில் சம உயரக் கோடுகளைக் கொண்டு மேடு பள்ளத்தை அறியலாம். சென்னையைப் போன்ற சமவெளியில் அக்கோடுகள் அரிதாகவே தென்படும். ஆனால், நமக்கு இன்னொரு துணை உண்டு. அதுதான் ஏரி.

தமிழகத்து ஏரி என்பது சரிவில் ஓடிவரும் நீரை மறித்துக் கரை போட்டுத் தேக்கியது. எனவே, கரை இருக்கும் பக்கமே தாழ்வான பக்கம். கரைக்கு வெளியே கீழ்ப்புறம் இருப்பது, மதகு வழியே பாசனம் பெற்ற ஆயக்கட்டு நிலம். கரைக்கு எதிர்ப்புறம் இருப்பது, ஏரி நிரம்பும்போது நீர் பரவும் உள்வாய். நிரம்பியபின் மிகும் நீர் கலங்கல் வழியாக வெளியேறி அடுத்த ஏரிக்குச் செல்லும். இந்த நான்கையும் வரைபடத்தில் அடையாளம் காணத் தெரிந்தால் போதும், ஓர் ஊரின் நீரோட்டம் விளங்கிவிடும்.

அம்பத்தூரையே எடுத்துக்கொள்வோம். இங்கு நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காக, கடலை நோக்கிச் சரிகிறது. அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் செல்ல வேண்டும் என்பது நம் முன்னோர் அமைத்த ஒழுங்கு. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே இருந்த வயல்கள் இன்று தெருக்களாகிவிட்டன. வழி மாறிவிட்டது, சரிவு மாறவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் சூழ்ந்து இயந்திரங்கள் பாழானதை நாம் கண்டோம். தண்ணீர் வழிதவறி வந்துவிடவில்லை. தன் பழைய வழியைத் தேடியே வந்தது.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது வருவாய்த் துறையின் ஆவணங்கள். கிராம வரைபடம், ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரிய புலப்படம், நிலத்தின் வகைப்பாட்டைக் கூறும் அ-பதிவேடு ஆகிய மூன்றையும் சேர்த்து வாசிக்க வேண்டும். நாம் வாங்கும் மனையின் பதிவை மட்டும் பார்த்தால் போதாது. நான்கு பக்கமும் உள்ள புல எண்களையும் பார்க்க வேண்டும். அவற்றில் ஏதேனும் ஒன்று ஏரி என்றோ, வாய்க்கால் என்றோ, புறம்போக்கு என்றோ குறிக்கப்பட்டிருந்தால், நேரில் சென்று அந்த வாய்க்கால் இன்னும் இருக்கிறதா என்று நடந்து பார்ப்பது நல்லது. பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும். தண்ணீர் பட்டாவைப் பார்த்துவிட்டு வருவதில்லை.

வரைபட வாசிப்பின் பயன் மனை வாங்குவதோடு முடிவதன்று. 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளைத் தெருவாரியாக வரைபடத்தில் குறித்தார். அவை பிராட் தெருவில் இருந்த ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றியே குவிந்திருந்தன. நோய் நீர்வழி பரவுகிறது என்ற அவருடைய வாதத்துக்கு அந்த வரைபடம் வலுச்சேர்த்தது. எண்களின் பட்டியல் காட்டாத ஒன்றை இடம் காட்டியது. நம் தெருவில் யார் வீட்டில் டெங்கு, எங்கே நீர் தேங்குகிறது என்று குடியிருப்போர் ஒரு தாளில் குறித்தாலே, மாநகராட்சிக்கு அளிக்கும் மனு பத்து மடங்கு வலுப்பெறும்.

இவ்வளவுக்கும், இந்தியத் துணைக்கண்டத்தை முறையாக அளந்த மாபெரும் முக்கோண அளவைப் பணியின் தொடக்கம் நம் சென்னைதான். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சங்கிலியைக் கொண்டு சுமார் 12 கிலோமீட்டர் அளந்தார்கள். அந்த மண்ணில் வளரும் நம் பிள்ளைகளுக்கு வரைபடம் என்பது பத்தாம் வகுப்புத் தேர்வில் ஆறுகளையும் மலைகளையும் மனப்பாடமாகக் குறித்து மதிப்பெண் பெறும் வினாவாகச் சுருங்கிவிட்டது. கங்கை எங்கே பாய்கிறது என்று குறிக்கத் தெரிந்த மாணவருக்குத் தன் பள்ளிக்குப் பின்னால் ஓடும் கால்வாய் எங்கிருந்து வருகிறது என்று தெரிவதில்லை.

இதை மாற்றப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் அந்த ஊரின் கிராம வரைபடத்தைச் சுவரில் மாட்டலாம். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் மாணவர்களை அருகிலுள்ள கலங்கலிலிருந்து கால்வாய் ஓரமாக அழைத்துச் செல்லலாம். வரைபடத்தில் இருந்து தரையில் இல்லாதது எது, தரையில் இருந்து வரைபடத்தில் இல்லாதது எது என்று அவர்களே எழுதட்டும். புவியியலும் குடிமைப் பாடமும் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

என் மாணவர் அன்றே முன்பணம் கொடுக்கவில்லை. புலப்படத்தை எடுத்துக்கொண்டு இருவரும் நடந்தோம். மனையின் பின்புறம் மெல்லிய இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால் வரையப்பட்டிருந்தது. தரையில் அந்த இடத்தில் புதிதாகக் கட்டிய சுற்றுச்சுவர் நின்றது. எதிர்வீட்டு வாசலில் அமர்ந்திருந்த முதியவரிடம் கேட்டோம். 'மழைக்காலத்துல வந்து பாருங்க' என்றார். மாணவர் வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஐப்பசி பிறக்கட்டும், அப்போது முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.